பாட்டுக்குள் வராத நோய்

2017 அக்டோபரில் தென்னாப்பிரிக்க டிரம்பெட் கலைஞர் ஹ்யூ மசகேலா ஓர் அறிக்கை விட்டார். ஒத்துக்கொண்ட கச்சேரிகளை ரத்து செய்வதற்கான அறிக்கை. இந்த மாதிரி அறிக்கைகளுக்கு என்று ஒரு வாய்ப்பாடு இருக்கிறது: உடல்நலக் குறைவு, மருத்துவர் ஆலோசனை, ரசிகர்கள் பொறுத்துக்கொள்ளவும். முடிந்தது. மசகேலா அந்த வாய்ப்பாட்டுக்குள் நிற்கவில்லை. 2008-லிருந்து புராஸ்டேட் புற்றுநோயோடு இருக்கிறேன் என்றார். 2016-இல் அது பரவி, கண்ணில் அறுவை சிகிச்சை செய்துகொண்டதைச் சொன்னார். மொராக்கோவில் விழுந்து தோள் சுளுக்கியதையும், அதற்குப் பிறகு இன்னொரு கட்டி இருப்பது தெரிந்ததையும் சொன்னார். கடைசியில் ஆண்களைப் பார்த்துப் பேசினார். தவறாமல் போய்ப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள், கேள்வி கேளுங்கள், பதில் சொல்லாமல் அவர்களை விடாதீர்கள், தெரிந்துகொண்டதை நாலு பேருக்குச் சொல்லுங்கள் என்பது அதன் சாரம். மூன்று மாதம் கழித்து, 2018 ஜனவரி 23 அன்று, 78 வயதில் ஜோகன்னஸ்பர்க்கில் இறந்துபோனார்.

மசகேலா பாடாத விஷயம் கிடையாது. சுரங்கத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு வந்த நிலக்கரி ரயிலைப் பாடினார், ‘ஸ்டிமேலா’ என்று. 1976 சோவெட்டோ எழுச்சிக்குப் பாட்டு எழுதினார். அதை மிரியம் மகேபா பாடினார். நெல்சன் மண்டேலா சிறையில் இருந்தபோது அவரை வீட்டுக்குக் கொண்டுவாருங்கள் என்று 1987-இல் பாடினார். ஆனால் தன் அடிவயிற்றில் ஒன்பது வருஷம் குடியிருந்த நோயைப் பற்றிச் சொல்ல வந்தபோது, உரைநடையில் சொன்னார். டிரம்பெட்டைக் கையில் எடுக்கவில்லை.

அவர் மட்டும் இல்லை. கடந்த முப்பத்தைந்து வருஷங்களில் இந்த நோய்க்கு ஆண்களைப் பரிசோதனைக்கு அழைத்த பெரிய பாட்டுக்காரர்களை வரிசையாக எடுத்துப் பார்த்தால், எல்லாரும் இதையேதான் செய்திருக்கிறார்கள். மேடையைக் கொடுத்தார்கள், பேரைக் கொடுத்தார்கள், பணம் திரட்டிக் கொடுத்தார்கள். பாட்டை மட்டும் கொடுக்கவில்லை. இந்த வரலாற்றில் எனக்குச் சுவாரசியமாக இருப்பது அந்த இடைவெளிதான்.

முதலில் அந்தச் சுரப்பியைப் பற்றி ரெண்டு வரி. சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்க்குழாயைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறது புராஸ்டேட். ஒரு பெரிய கொட்டைப்பாக்கு அளவு. விந்து நீரின் ஒரு பங்கை அது சுரக்கிறது. வயசானால் பெரும்பாலும் வீங்கும். அந்த வீக்கம் புற்றுநோய் அல்ல. புற்றுநோய் வந்தால் ஆரம்பத்தில் பெரும்பாலும் எந்தத் தொந்தரவும் தெரியாது. நம்ம வீட்டுப் பேச்சில் இதற்கு ஒரு சொல்லே இல்லை என்பதையும் கவனிக்கலாம். தாத்தாவுக்கு ‘யூரின் பிராப்ளம்’ என்பதோடு பேச்சு நின்றுவிடும்.

அமெரிக்காவிலும் 1990 வரை ஏறக்குறைய இதே நிலைமைதான். அந்த வருஷம் ஃபிராங்க் ஸப்பா என்ற ராக் இசைக்கலைஞருக்கு நோய் தெரியவந்தது. ஸப்பாவுக்கு வெட்கம் என்ற ஒன்று இருந்ததாகத் தெரியவில்லை. பாட்டு வரிகளுக்குத் தணிக்கை முத்திரை வேண்டும் என்று வாஷிங்டன் பிரமுகர்களின் மனைவிமார் கிளம்பியபோது, 1985-இல் செனட் குழுவின் முன்னால் கோட்டு, டையோடு போய் உட்கார்ந்து அவர்களைக் கிழித்தெடுத்தவர். 1979-இல் வந்த ‘ஜோஸ் கராஜ்’ தொகுப்பில், மூத்திரம் போகும்போது ஏன் வலிக்கிறது என்ற அர்த்தத்தில் தலைப்பு வைத்து ஒரு கேலிப்பாட்டே பாடியிருக்கிறார். அது பால்வினை நோய் பற்றிய நக்கல். புராஸ்டேட்டுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் 1993-இல் ஒரு பேட்டியில் அவர் சொன்னதை அதோடு சேர்த்துப் படிக்கும்போது கொஞ்சம் சங்கடமாக இருக்கிறது. பல வருஷமாக உடம்பு சரியில்லாமல் இருந்தது, யாரும் கண்டுபிடிக்கவில்லை, அவசரமாக ஆஸ்பத்திரிக்குப் போனபோதுதான் தெரிந்தது, கட்டி எட்டுப் பத்து வருஷமாக வளர்ந்திருக்கிறது என்றார்கள், அறுவை செய்ய முடியாத நிலைக்கு வந்துவிட்டது என்றார். கணக்குப் போட்டுப் பார்த்தால், அந்தக் கேலிப்பாட்டு வெளிவந்து ஓரிரு வருஷத்தில் கட்டி தொடங்கியிருக்க வேண்டும்.

1991 நவம்பரில் நியூயார்க்கில் அவருடைய இசைக்காகவே ஒரு விழா நடந்தது. அவர் வரவில்லை. ஏன் வரவில்லை என்பதற்குப் பதிலாக அவருடைய மகள் மூனும் மகன் டிவீசிலும் பத்திரிகைகளிடம் நோயின் பெயரைச் சொன்னார்கள். 1992-இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் தன் இசைக்கோவையின் சில பகுதிகளை அவரே நின்று நடத்தினார், அந்த உடம்போடு. 1993 டிசம்பர் 4 அன்று இறந்தார். வயது 52.

இங்கே ஒரு ரத்தப் பரிசோதனை கதைக்குள் வருகிறது. பிஎஸ்ஏ என்று சுருக்கமாகச் சொல்வார்கள். புராஸ்டேட் சுரக்கும் ஒரு புரதம் ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பது. 1986-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதை அனுமதித்தபோது, ஏற்கெனவே நோய் உள்ளவர்களைக் கண்காணிக்க மட்டும் என்று சொல்லித்தான் அனுமதித்தது. நோய் இருக்கிறதா என்று தேடிப் பார்ப்பதற்கான அனுமதி 1994-இல் வந்தது. அதாவது ஸப்பா போய்ச் சேர்ந்த அடுத்த வருஷம். ஒரு பிரபலம் மேடையேறி ‘போய் டெஸ்ட் எடுங்கப்பா’ என்று சொல்வதற்கு, எடுக்கும்படியான ஒரு எளிய டெஸ்ட் இருக்க வேண்டும் இல்லையா? அது இப்போது வந்துவிட்டது. அதற்கு முன்னால் இருந்தது, மருத்துவர் கையுறை போட்டு ஆசனவாய் வழியாக விரலால் தொட்டுப் பார்ப்பது. ஆண்கள் ஆஸ்பத்திரிப் பக்கமே போகாததற்கு அந்த விரலும் ஒரு காரணம். இதை நாசூக்காகச் சொல்ல வழியில்லை.

இன்னொன்றும் சேர்ந்து நடந்தது. ராக் இசையின் ரசிகர்களுக்கு வயதாகிக்கொண்டிருந்தது. 1976-இல் ரமோன்ஸ் குழுவின் முதல் தொகுப்பு வந்தபோது இருபது வயதாக இருந்த பையனுக்கு 2006-இல் ஐம்பது. இந்த நோய் தேடி வரும் வயது. சுகாதாரத் துறை என்ன செலவு செய்தாலும், ஐம்பது வயது ஆண்களை இவ்வளவு கூட்டமாக, இவ்வளவு சந்தோஷமாக ஒரு மண்டபத்தில் சேர்க்க முடியாது. பழைய பாட்டுக்காரனால் முடியும்.

ரமோன்ஸ் கிட்டாரிஸ்ட் ஜானி ரமோனுக்கே அந்த நோய் வந்தது. அவரும் விஷயத்தை ரொம்பக் காலம் வெளியே விடவில்லை. 2004 செப்டம்பர் 12 அன்று குழுவின் முப்பதாம் ஆண்டையொட்டி ஹாலிவுட்டில் ஒரு கச்சேரி நடந்தது, புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்ட. ரெட் ஹாட் சில்லி பெப்பர்ஸ், எடி வெடர் எல்லாரும் வந்து வாசித்தார்கள். ஜானியால் எழுந்து வர முடியவில்லை. மூன்றாம் நாள், 55 வயதில் இறந்தார். அதற்குப் பிறகு அவர் பேரில் நிதி திரட்டும் நிகழ்ச்சிகள் நடந்தன. பங்க் இசைக்காரர்களிடம் இதற்கு மேல் உபதேசம் எதிர்பார்க்கவும் முடியாது.

டேன் ஃபோகல்பெர்க் வேறு மாதிரி ஆள். தமிழ் வாசகர்களில் அதிகம் பேர் கேட்டிருக்க வாய்ப்பில்லாத பேர். மென்மையான குரல், அக்கூஸ்டிக் கிட்டார், கல்யாண வீடுகளில் போடும் காதல் பாட்டு. அப்பா ஒரு பேண்டு மாஸ்டர். அவரைப் பற்றி 1981-இல் ஒரு பாட்டு எழுதினார், அமெரிக்காவில் இன்றைக்கும் அப்பாவை இழந்தவர்கள் போட்டுக் கேட்கிற பாட்டு. நுணுக்கமான விமர்சகர்கள் இவரைக் கண்டுகொண்டதில்லை. நானும் அவர் இசைக்காக இதில் சேர்க்கவில்லை.

2004-இல் அவருக்கு நோய் தெரிந்தபோது முற்றிய நிலை. வயது 52. தன் இணையப் பக்கத்தில் ரசிகர்களுக்கு எழுதினார். எழுத்தில் அலங்காரம் ஒன்றும் இல்லை. எனக்கு நடப்பது உங்களில் ஒருவருக்கும் நடக்கக் கூடாது, ஆண்டுதோறும் பரிசோதனை செய்துகொள்ளுங்கள் என்கிற மாதிரி, ஒரு மூத்த அண்ணன் தம்பிமாருக்கு எழுதுகிற கடிதம். படித்தவர்கள் யார் என்று யோசித்துப் பாருங்கள். 1980-இல் அவர் பாட்டுக்குக் கல்யாணத்தில் கைகோத்து ஆடிய இருபத்தைந்து வயதுக்காரர்கள்தான். அவர்களுக்கு இப்போது சரியாக ஐம்பது. தாங்கள் நம்பும் ஒரு குரல் தங்கள் வயதில், தங்கள் உடம்பைப் பற்றிப் பேசுகிறது. எந்தச் சுவரொட்டியும் இதைச் செய்ய முடியாது.

2007 டிசம்பர் 16 அன்று ஃபோகல்பெர்க் மெய்ன் மாநிலத்துத் தீவு வீட்டில் இறந்தார். இரண்டு மாதம்கூட ஆகவில்லை, 2008 காதலர் தினத்தன்று அவருடைய மனைவி ஜீன் ஒரு பாட்டை இணையத்தில் வெளியிட்டார். 2005 காதலர் தினத்துக்காக அவர் மனைவிக்கு எழுதிக்கொடுத்த பாட்டு அது. வருமானம் முழுக்க புராஸ்டேட் புற்றுநோய் அறக்கட்டளைக்கு. அந்த அறக்கட்டளைக்கும் ஒரு கதை உண்டு: பங்குச்சந்தை மோசடி வழக்கில் சிறை போய் வந்த மைக்கேல் மில்கன், தனக்கு இதே நோய் வந்ததும் 1993-இல் தொடங்கியது. நோய் ஆள் பார்ப்பதில்லை. நிதி வருகிற வழியும் அப்படித்தான்.

அந்தப் பாட்டில் நோய் கிடையாது. காதல் மட்டும்தான். பாட்டை வாங்குகிற காசு ஆராய்ச்சிக்குப் போகிறது, பாட்டைச் சுற்றி எழுதப்படும் செய்தியில் பரிசோதனை பற்றி வருகிறது, பாட்டுக்குள் அது வருவதில்லை. ஃபோகல்பெர்க்கிடம் இதைக் குறையாகச் சொல்ல மாட்டேன். சாகப்போகிறவன் மனைவிக்கு எழுதும் பாட்டில் ரத்தப் பரிசோதனையை எங்கே வைப்பான்? ஆனாலும் பாட்டில் நோயை வைத்தவர்கள் இருந்திருக்கிறார்கள். அதற்கு ஆப்பிரிக்காவுக்குப் போக வேண்டும், சில வருஷம் பின்னோக்கி.

1987-இல் ஜயீர் நாட்டின், இன்றைய காங்கோவின், மாபெரும் பாடகர் ஃபிராங்கோ எய்ட்ஸ் பற்றி எச்சரித்து ஒரு நீண்ட பாட்டு வெளியிட்டார். 1989-இல் உகாண்டாவின் ஃபில்லி லுதாயா இன்னும் ஒரு படி போனார். ஸ்வீடனில் வாழ்ந்துகொண்டிருந்தவர், ஊருக்குத் திரும்பி வந்து, எனக்கு எய்ட்ஸ் இருக்கிறது என்று ஊரறியச் சொன்னார். அந்த நாட்டில் அவ்வளவு புகழ்பெற்ற ஒருவர் அதைச் சொன்னது அதுவே முதல் முறை. பலர் நம்பவில்லை. ரெக்கார்டு விற்க நாடகம் ஆடுகிறான் என்றார்கள். பள்ளிக்கூடங்களுக்கும் தேவாலயங்களுக்கும் போய்ப் பேசினார், பாடினார். தனியாக இருப்பதையும் பயந்துபோய் இருப்பதையும் தலைப்பிலேயே வைத்து ஒரு பாட்டு. அந்த வருஷம் டிசம்பரில் இறந்தார், முப்பத்தெட்டு வயது. நைஜீரியாவின் ஃபெலா குட்டி 1997-இல் இறந்தபோது, முன்னாள் சுகாதார அமைச்சரான அவருடைய அண்ணன் ஒலிகோயே ரான்சம்-குட்டி செய்தியாளர்களைக் கூட்டி, என் தம்பி எய்ட்ஸில்தான் போனான் என்று அறிவித்தார். நாட்டில் பாதிப் பேர் அதை நம்பத் தயாராக இல்லாத காலம்.

எய்ட்ஸும் இடுப்புக்குக் கீழே உள்ள விஷயம்தான். வெட்கம் அதில் பல மடங்கு. அப்படியிருந்தும் அதற்குப் பாட்டு வந்தது. புராஸ்டேட்டுக்கு ஏன் வரவில்லை? எனக்குத் தோன்றும் காரணங்கள் ரெண்டு. ஒன்று, எய்ட்ஸ் இளைஞர்களைக் கொன்றது; பாட்டு இளைஞர்களின் ஊடகம். அறுபது வயதுக்காரனின் சிறுநீர் அவஸ்தைக்கு மெட்டுப் போட எவனும் ஸ்டூடியோ வாடகை தர மாட்டான். இரண்டாவது காரணம் முக்கியமானது. ஜாக்கிரதையாக இரு, நோயாளியை ஒதுக்காதே என்பதெல்லாம் பல்லவிக்குள் அடங்கும். புராஸ்டேட் பரிசோதனையைப் பற்றி உண்மையாகச் சொல்ல வேண்டியது பல்லவிக்குள் அடங்காது.

அது என்ன என்று பார்க்கலாம். பிஎஸ்ஏ புரதத்தை 1970-இல் அடையாளம் கண்டவர்களில் ஒருவர் ரிச்சர்ட் ஏப்லின். அவரே 2010-இல் நியூயார்க் டைம்ஸில், இந்தப் பரிசோதனையைக் கண்மூடித்தனமாக எல்லாருக்கும் செய்வது பொதுச் சுகாதாரப் பேரழிவு என்று எழுதினார். காரணம், இந்தப் புற்றுநோய்களில் நிறைய ஆமை மாதிரி நகர்பவை. ஆள் வேறு ஏதோ காரணத்தில் எண்பது வயதில் சாகும்வரை உள்ளேயே சும்மா கிடக்கும். பரிசோதனை அதையும் சேர்த்துக் கண்டுபிடித்துவிடும். கண்டுபிடித்தால் மனசு சும்மா இருக்குமா? அறுவை, கதிர்வீச்சு. அதன் விலை சிலருக்குச் சிறுநீரை அடக்க முடியாமல் போவது, சிலருக்குத் தாம்பத்தியம் போவது.

2009-இல் ஒரே இதழில் ரெண்டு பெரிய ஆய்வுகள் வெளிவந்தன. அமெரிக்க ஆய்வு, பரிசோதனையால் மரணம் குறையவில்லை என்றது. ஆனால் அதில் பரிசோதனை வேண்டாத குழுவில் இருந்த பலரும் வெளியே போய் டெஸ்ட் எடுத்திருந்தார்கள். ஐரோப்பிய ஆய்வு, மரணம் இருபது சதவீதம் குறைகிறது என்றது. ஆனால் ஒரு மரணத்தைத் தவிர்க்க 1410 பேரைப் பரிசோதித்து 48 பேருக்கு நோய் கண்டு சிகிச்சை தர வேண்டும் என்றும் சொன்னது. 2012-இல் அமெரிக்க அரசு நியமித்த நிபுணர் குழு, வேண்டாம் என்றே சொல்லிவிட்டது. 2018-இல் மாற்றிக்கொண்டது: 55 முதல் 69 வயதுக்காரர்கள் மருத்துவரோடு பேசி, சாதக பாதகம் பார்த்து, தாங்களே முடிவு செய்யட்டும். அதே ஐரோப்பிய ஆய்வு 23 வருஷத் தொடர்ச்சிக்குப் பிறகு 2025-இல் சொன்ன கணக்கு கொஞ்சம் ஆறுதலானது. பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட 456 பேருக்கு ஒரு மரணம், நோய் கண்டறியப்பட்ட 12 பேருக்கு ஒரு மரணம் தவிர்க்கப்படுகிறது. இப்போது சாதுவான கட்டிகளை உடனே வெட்டாமல் கண்காணிப்பில் மட்டும் வைக்கிற பழக்கமும் பரவிவிட்டது.

பாட்டுக்காரர்களின் சாட்சியத்தில் உள்ள சிக்கல் இங்கேதான் வருகிறது. செத்தவர் சொல்கிறார், முன்னாலேயே பார்த்திருந்தால் பிழைத்திருப்பேன் என்று. பிழைத்தவர் சொல்கிறார், டெஸ்ட் எடுத்ததால் பிழைத்தேன் என்று. ரெண்டு பேரும் பொய் சொல்லவில்லை. ஆனால் பிழைத்தவருக்கு வந்தது ஆமையா முயலா என்று அவருக்கே தெரியாது. ஆமை என்றால், டெஸ்ட் இல்லாமலும் அவர் இருந்திருப்பார். மிச்சம் பதினொரு பேர் மேடைக்கு வருவதே இல்லை. ராட் ஸ்டூவர்ட் 2019-இல் இங்கிலாந்தில் ஒரு நிதி திரட்டும் நிகழ்ச்சியில், வழக்கமான சோதனை ஒன்றில் 2016-இல் எனக்கு நோய் தெரிந்தது, இப்போது குணமாகிவிட்டது, எல்லாரும் டாக்டரிடம் போங்க, ஒரு விரல்தானே, என்ன கெட்டுப்போகும் என்று ஜோக் அடித்தார். கூட்டம் சிரித்தது. நல்ல ஜோக்தான், ஆண்களின் பயத்தைச் சரியாகத் தொட்ட ஜோக். ஆனால் 1410, 48, 12 என்ற எண்களை வைத்து ஜோக் அடிக்க முடியாது.

அதற்காக எல்லாருக்கும் ஒரே கணக்கு என்று நினைத்துவிடக் கூடாது. பிரிட்டனில் ஆண்களில் எட்டில் ஒருவருக்கு வாழ்நாளில் இந்த நோய் வருகிறது. கறுப்பின ஆண்களில் நாலில் ஒருவருக்கு. அமெரிக்காவில் கறுப்பின ஆண் இந்த நோயால் சாகும் வாய்ப்பு வெள்ளையரைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. மேலே சொன்ன பெரிய ஆய்வுகளில் கலந்துகொண்டவர்களில் மிகப் பெரும்பாலோர் வெள்ளையர்கள். ஆக, ‘டெஸ்டை அள்ளி எறியாதீர்கள்’ என்ற எச்சரிக்கை யாரை வைத்து எழுதப்பட்டதோ அவர்கள் வேறு, நோய் அதிகமாகக் கொல்கிற ஆட்கள் வேறு. அப்படிப்பட்ட இடத்தில் ஒரு குரல் உரக்கக் கூப்பிடுவதற்கு வேறு எடை இருக்கிறது.

ஹாரி பெலஃபான்டே அப்படிக் கூப்பிட்டவர். ‘கலிப்ஸோ’ தொகுப்பால் 1956-இல் அமெரிக்காவையே ஆட்டிவைத்த, மார்ட்டின் லூதர் கிங்கோடு நின்ற, 1985-இல் எத்தியோப்பியப் பஞ்சத்துக்காக அமெரிக்கப் பாடகர்களைச் சேர்த்து ஒரு பாட்டுப் பாடவைக்கும் யோசனையைக் கிளப்பிய அதே பெலஃபான்டே. 1996-இல் அவருக்குப் புராஸ்டேட் புற்றுநோய். சிகிச்சை எடுத்தார், வெளியே வந்து அதைப் பற்றிப் பேசினார். ஊருக்காகப் பாட்டை எப்படித் திரட்டுவது என்று அவரைவிடத் தெரிந்தவர் அன்றைக்கு யாரும் இல்லை. அவரும் இதற்குப் பாட்டுத் திரட்டவில்லை. பேசினார்.

இதையெல்லாம் வைத்துக்கொண்டு மசகேலாவின் அறிக்கையை மறுபடி படித்தால், அது உரைநடையாக இருப்பதில் ஒரு நியாயம் தெரிகிறது. ‘டெஸ்ட் எடு’ என்று மட்டும் அவர் நிறுத்தவில்லை. கேள்வி கேள், பதில் வாங்கு, கற்றுக்கொள் என்று சேர்த்தார். அந்த வரிசையில் வந்த பிரபலங்களில் அதிகம் பேர் இந்த இரண்டாவது பாதியைச் சொன்னதில்லை. வெள்ளை அரசாங்கம் நடத்திய ஆஸ்பத்திரிகளையும் சுரங்கங்களையும் பார்த்து வளர்ந்தவருக்கு, வெள்ளைக்கோட்டுப் போட்டவர் சொல்வதை அப்படியே கேட்டுக்கொண்டு வராதே என்று தோன்றியிருக்கலாம். அது என் ஊகம்.

1960-இல், ஷார்ப்வில் படுகொலைக்குப் பிறகு நாட்டைவிட்டு வெளியேறியபோது மசகேலாவுக்கு இருபத்தோரு வயது. நியூயார்க் வந்து இசைப்பள்ளியில் சேர்ந்தபோது அவருக்குத் தோள் கொடுத்தவர்களில் ஒருவர் பெலஃபான்டே. முப்பது வருஷம் கழித்துத்தான் மசகேலாவால் ஊர் திரும்ப முடிந்தது. 2018 ஜனவரியில் மசகேலா இறந்தபோது பெலஃபான்டேவுக்குத் தொண்ணூறு. அவர் இன்னும் ஐந்து வருஷம் இருந்தார்.